29 வயதுத் தம்பிக்காக நான் கையொப்பமிடலாமா? (பராமரிப்பு இல்லம், மட்டக்களப்பு)

கேள்வி: எருவில் அக்கா

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 29 வயது. பிறப்பிலிருந்தே அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவன். சிறு வயதில் வலிப்பும் இருந்ததனால் இன்றும் காலையும் இரவும் குளிசை எடுக்கிறான். குளிப்பது, உடுப்பது, உண்பது எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வான். கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருவான், ஆனால் மிச்சக் காசை எண்ணத் தெரியாது. அப்பா காலமான பின்னர் அம்மாவுக்கும் முழங்கால் வருத்தம் கூடிவிட்டபடியால், மட்டக்களப்பு நகருக்கு அண்மையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் இல்லத்தில் கிழமை நாட்களில் தங்குகிறான். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்து திங்கள் காலை திரும்புவான். அங்கே அவனுக்குச் சாப்பாட்டுக்கும் துப்புரவுக்கும் எந்தக் குறையும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த மாதம் இல்லத்திலிருந்து ஒரு படிவம் தந்தார்கள். ஒரே தாளில் நான்கு விடயங்கள் இருக்கின்றன. எந்த வைத்தியத்தையும் இல்லமே தீர்மானித்துச் செய்விக்கலாம். அவனுடைய படங்களையும் காணொளிகளையும் முகநூலிலும் நன்கொடையாளர்களுக்கான வெளியீடுகளிலும் பயன்படுத்தலாம். அவனுடைய அரச மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு வரும் வங்கிப் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் இல்லத்திடமே இருக்கும். இல்லம் தீர்மானிக்கும் விடுமுறை நாட்களைத் தவிர வேறெந்த நாளிலும் வெளியே அனுப்பமாட்டார்கள். அடியில் “பாதுகாவலர்” என்று எழுதி எனக்கொரு கோடு போட்டிருக்கிறார்கள். தம்பி ஒப்பமிட இடமே இல்லை. அவன் தன் பெயரை எழுதுவான் என்று சொன்னபோது, “அவருக்கு இதெல்லாம் என்ன விளங்கப் போகிறது, நீங்கள் போடுங்கள்” என்றார் பொறுப்பாளர்.

கடைசி நிபந்தனையினால் உடனடியாக ஒரு பிரச்சினையும் இருக்கிறது. வைகாசியில் எங்கள் ஊர் கண்ணகி அம்மன் சடங்கில், அது நிறைவுறும் குளிர்த்தியன்று அவன் கோயிலில் நிற்காத ஆண்டு கிடையாது. அந்த நாள் கிழமை நாளில் வந்தால் இனி அனுப்பமாட்டோம் என்கிறார்கள்.

உறவினர் ஒருவர், நீதிமன்றத்துக்குப் போய் தம்பியைச் “சித்த சுவாதீனமற்றவர்” என்று பிரகடனப்படுத்தி நான் பாதுகாவலராகிவிட்டால் இந்தச் சிக்கல் எல்லாம் தீரும் என்கிறார். அது சரியான வழியா? நான் ஒப்பமிட மறுத்தால் “கூட்டிக்கொண்டு போங்கள்” என்று சொல்லிவிடுவார்களோ என்பதே அம்மாவின் அச்சம். வேறு இல்லம் தேடுவது எவ்வளவு சிரமம் என்பதை இங்குள்ள பலர் அறிவீர்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


பதில்: ஓய்வுபெற்ற சமூக சேவை உத்தியோகத்தர், அக்கரைப்பற்று

தங்கைக்கு வணக்கம். நீதிமன்ற யோசனையைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் படிவத்தைவிட அது பாரதூரமானது.

எமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, ஒருவர் தன் அலுவல்களைத் தானே நடத்த இயலாத அளவுக்குச் சித்த சுவாதீனமற்றவர் என்று மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானித்து, அவருடைய சொத்துக்கு முகாமையாளரையும் அவருக்குப் பாதுகாவலரையும் நியமிக்கலாம். அந்த ஏற்பாடு பழைய காலத்தது. ஒருவருக்குக் காசை எண்ணுவதில் மட்டுமே உதவி வேண்டும், மற்றவற்றை அவரே தீர்மானிப்பார் என்று பகுத்துப் பார்ப்பதற்காக அது எழுதப்பட்டதல்ல. மேலும் அரசியலமைப்பின் 89 ஆம் உறுப்புரை, சித்த சுவாதீனமற்றவர் என்று சட்டப்படி பிரகடனப்படுத்தப்பட்டவர் வாக்காளராக இருக்கும் தகுதியை இழப்பார் என்கிறது. ஒரு படிவத்தை நிரப்பும் வசதிக்காகத் தம்பியின் வாக்குரிமையைக் கொடுத்துவிடாதீர்கள். பெரிய காணி, முதுசம், வழக்கு என்று ஏதும் இல்லாத குடும்பத்துக்கு அந்தக் கட்டளை பெரும்பாலும் அவசியப்படாது.

அடுத்தது, “பாதுகாவலர்” என்ற அந்தக் கோடு. இலங்கையில் 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின்னர் முழுவயது 18. அந்த வயது நிறைந்ததும் பெற்றோரின் பாதுகாவலர் உரிமை முடிந்துவிடுகிறது. அக்கா என்ற உறவினால் மட்டும் அது உங்களுக்கு வந்து சேர்வதில்லை. ஆகவே நீங்கள் ஒப்பமிட்டாலும் அது தம்பியின் சம்மதம் ஆகாது. இதைப் பொறுப்பாளரிடம் பணிவாகச் சொல்லலாம். அவரும் தெரிந்துகொண்டு கேட்டிருக்கமாட்டார், எல்லா இல்லங்களிலும் இதுவே பழக்கம்.

சட்டத்தின் நிலையை உள்ளபடி சொல்வதானால் இரண்டு பக்கம் உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் இலங்கை 2007 இல் கைச்சாத்திட்டு 2016 பெப்ரவரியில் அதனை ஏற்புறுதி செய்தது. அதன் 12 ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் அவர்களும் மற்றெல்லாரையும் போன்றவர்களே என்றும், தீர்மானம் எடுக்க உதவி தேவைப்பட்டால் அந்த உதவியை அரசு கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. அந்தரங்கத்தை 22 ஆம் உறுப்புரையும், எங்கே யாருடன் வாழ்வது என்ற தெரிவை 19 ஆம் உறுப்புரையும், வைத்தியத்துக்கான சம்மதத்தை 25 ஆம் உறுப்புரையும் பேசுகின்றன. உங்கள் படிவத்தின் நான்கு விடயங்களும் இவற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் சர்வதேச சமவாயமொன்று எமது நாட்டில் தானாகவே சட்டமாகிவிடாது. உள்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இருக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமோ தொழிலிலும் கல்வி அனுமதியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது, பொதுக் கட்டடங்களுக்குள் செல்லும் உரிமையைச் சொல்கிறது. இல்லமொன்றில் வாழ்பவருக்காக யார் தீர்மானிப்பது என்ற கேள்வியை அது தொடவில்லை. எனவே நீங்கள் சமவாயத்தை எடுத்துக் காட்டுவது வழக்காடுவதற்காக அல்ல, நியாயத்தை எடுத்துரைப்பதற்காக.

பணம் வேறு விடயம், அதில் தயங்க வேண்டியதில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தின்படி அந்தக் கொடுப்பனவு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்ந்தது. அது தம்பியின் பணம். இல்லம் மாதச் செலவுக்கு ஒரு தொகை கேட்பது நியாயமாக இருக்கலாம். கேட்கட்டும், பற்றுச்சீட்டுத் தரட்டும். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் ஒப்படைப்பது அதனின்றும் முற்றிலும் வேறுபட்டது. என் சேவைக் காலத்தில், புத்தகம் ஓரிடத்திலும் உரியவர் வேறோரிடத்திலும் இருந்து, என்ன எடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் போன சந்தர்ப்பங்களைக் கண்டிருக்கிறேன். எடுத்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்றும் சொல்லமாட்டேன். கணக்கு எழுதாத இடத்தில் நல்லவரும் சந்தேகத்துக்கு ஆளாவார்.


பதில்: வாவிக்கரை

நான் அம்பாறை மாவட்டத்தில், திருக்கோவில் பக்கம், இத்தகைய இல்லமொன்றில் பணிபுரிகிறேன். இல்லத்தவர் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இரவில் இருபது பேருக்கு இரண்டு பேர்தான் நிற்போம். ஒருவருக்கு வலிப்பு வந்தால் ஒருவர் அங்கே; மற்றவர் பத்தொன்பது பேரையும் பார்க்க வேண்டும். சுற்றிலும் குளமும் வாவியும் கடலும் உள்ள ஊர்களில் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டால் எங்கள் நெஞ்சு படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். பல விதிமுறைகள் இந்த அச்சத்தில்தான் பிறக்கின்றன. ஆனாலும் ஒருவர் தன் அக்காவுடன் ஊர்ச் சடங்குக்குப் போவதில் இந்த அச்சத்துக்கு எந்த இடமும் இல்லை. அதைத் தடுப்பது எங்கள் பதிவேட்டு வசதிக்காக மட்டுமே. அதில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

“அவருக்கு என்ன விளங்கப் போகிறது” என்ற பேச்சைப் பற்றித்தான் கூடுதலாக எழுத விரும்புகிறேன். விளங்குமா என்பது கேட்கும் விதத்தில் பெரிதும் தங்கியிருக்கிறது. எங்கள் இல்லத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். “வீட்டுக்குப் போக விருப்பமா?” என்று கேட்டால் “ஓம்” என்பார். “இங்கேயே நிற்க விருப்பமா?” என்று கேட்டாலும் “ஓம்” என்பார். புதிதாக வந்த பணியாளர்கள் இதைக் காட்டி, பார்த்தீர்களா, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பார்கள். உண்மை என்னவென்றால், வாழ்நாள் முழுவதும் “ஓம்” என்று சொன்னபோதெல்லாம் மற்றவர்கள் முகம் மலர்ந்திருக்கிறது, “இல்லை” என்றபோதெல்லாம் ஏச்சு விழுந்திருக்கிறது. அதனால் அவர் கேள்விக்கு விடை சொல்வதைவிட, கேட்பவரைச் சந்தோசப்படுத்தவே பழகியிருக்கிறார். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களில் பலரிடம் இது உண்டு. ஓம்–இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியை அவர்களிடம் கேட்பதே பாதிப் பிழை.

நாங்கள் செய்வது இதுதான். இரண்டு பொருளை அல்லது இரண்டு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எது என்று கேட்போம். கடைசியாகச் சொன்னதையே தெரிவுசெய்யும் பழக்கமும் சிலருக்கு உண்டு. ஆகவே சற்று நேரத்தின் பின் இடம்மாற்றிக் காட்டுவோம். மறுநாள் வேறொருவர் கேட்பார். மூன்று முறையும் ஒரே படத்தில் விரல் போனால் அது அவருடைய தெரிவு. அதைவிட முக்கியம், கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருப்பது. அந்த அண்ணனுக்கு ஒரு கேள்வி உள்ளே போய்ப் பதில் வெளியே வர முழுதாக அரை நிமிடம் வேண்டும். நாங்கள் ஐந்தாவது வினாடியிலேயே அவருக்காகப் பதில் சொல்லிவிடுகிறோம். சோற்றுக்கு மீனா முட்டையா என்பதில் தொடங்கினோம். பிறகு எந்தச் சேட், யாருடன் ஒரே அறையில் படுப்பது, கோழிக்கூட்டு வேலையா தோட்ட வேலையா என்று போனது. அறை மாற்றம் கேட்டவர் ஒருவர், பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் இரவில் தன்னைக் கிள்ளுவதை அந்தப் படங்களை வைத்துத்தான் எங்களுக்கு விளங்கவைத்தார். அதுவரை அவருடைய கத்தலைக் “குணம்” என்று எழுதி, வைத்தியரிடம் சொல்லி, மருந்தைக் கூட்டக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

உங்கள் படிவத்தின் நான்கு விடயங்களையும் தம்பியிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். படம் பிடிப்பதைச் சும்மா சொன்னால் விளங்காது; கைப்பேசியில் இல்லத்தின் பக்கத்தைத் திறந்து, வேறு யாரோ ஒருவரின் படத்தைக் காட்டி, “உங்களுடைய படமும் இப்படி ஊரெல்லாம் பார்க்க வேண்டுமா, வீட்டுச் சுவரில் மட்டும் போதுமா?” என்று இரண்டையும் முன்னால் வையுங்கள். குளிக்கும்போது, அழும்போது, உண்ணும்போது எடுத்த படங்களை நன்கொடைக்காகப் போடுவதை நான் எங்கு கண்டாலும் எதிர்க்கிறேன். இல்லத்துக்குக் காசு தேவை என்பது உண்மை, கூரையையும் தோட்டத்தையும் படம் எடுத்துப் போட்டாலும் தருபவர் தருவார்.

வலிப்புக் குளிசை பற்றி ஒரு வார்த்தை. அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, ஆகவே “அவருக்கு விருப்பமில்லை” என்று விட்டுவிட முடியாது. அதற்காகச் சோற்றுக்குள் ஒளித்துக் கொடுப்பதும் வழியல்ல. தெரிந்துவிட்டால் பிறகு சோற்றையும் நம்பமாட்டார்கள். குளிசையைக் காட்டி, வலிப்பு வந்த நாளை நினைவுபடுத்திச் சொன்னால் பெரும்பாலானவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கிளினிக்குக்கு அவரையும் உள்ளே அழைத்துச் சென்று, வைத்தியரை அவரிடமே பேசும்படி கேளுங்கள். அவசர சிகிச்சைக்கு ஒரு தொலைபேசி இலக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். “எந்த வைத்தியமும்” என்ற திறந்த அனுமதி எந்த இல்லத்துக்கும் தேவையில்லை.


பதில்: சம்மாந்துறை உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எழுதுவதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஆண் பிள்ளைக்குச் சொல்வதைப் பெண் பிள்ளைக்கும் சொல்ல முடியுமா என்று யோசிக்கிறேன். என் மகளுக்கு 24 வயது. யார் சிரித்துக் கூப்பிட்டாலும் போவாள். அவளுடைய விருப்பத்தைக் கேள், தெரிவைக் கேள் என்றால், நாளைக்கு ஏதும் நடந்துவிட்டால் அந்த உரிமை வந்து என் மகளைத் தூக்கி நிறுத்துமா? மூன்று மாதத்துக்கொருமுறை ஊசி போட்டுவிட்டால் பயமில்லை என்று பகல் பராமரிப்பு நிலையத்தில் ஒருவர் சொன்னார். மகளுக்குச் சொல்லத் தேவையில்லை, சத்து ஊசி என்று சொல்லிவிடலாம் என்றும் சொன்னார். என் மனம் ஒப்பவில்லை, அதே நேரம் பயமும் போகவில்லை.


பதில்: வாவிக்கரை

வஅலைக்குமுஸ்ஸலாம் உம்மா. உங்கள் பயம் நியாயமானது, அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த ஊசி கருவை மட்டுமே தடுக்கும். மகளைத் தொட வருபவனின் கையை அது தடுக்காது. இன்னும் சொன்னால், அப்படி ஊசி போட்டிருக்கிறது என்று அறிந்தவனுக்கு அது துணிச்சலைத்தான் கொடுக்கும், நடந்தது வெளியே தெரியும் வழியும் அடைபட்டுப் போகும். சத்து ஊசி என்று பொய் சொல்லிப் போடுவதை எந்த வைத்தியரும் செய்யக்கூடாது. பிள்ளை பெறும் ஆற்றலை மற்றவர்களைப் போலவே வைத்திருக்கும் உரிமையைச் சமவாயத்தின் 23 ஆம் உறுப்புரை சொல்கிறது. மாதவிடாய்த் துன்பம் போன்ற வேறு காரணம் இருந்தால் அதை மகளுக்கு விளக்கி, வைத்தியரிடம் நேரடியாகக் கேட்பதில் பிழையில்லை.

யார் கூப்பிட்டாலும் போகிறாள் என்றீர்கள். “இல்லை” என்று சொல்லிப் பழகாத பிள்ளைதான் யார் கூப்பிட்டாலும் போகும். வீட்டில் இந்தச் சட்டை வேண்டாம், இந்தக் கறி வேண்டாம் என்று அவள் சொன்னதை ஒருவர் மதித்தால்தான், வெளியில் ஒருவன் கையைப் பிடிக்கும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வரும். உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் சொல்லிக் கொடுங்கள். குளிப்பாட்டும் உதவிக்கு யார் யார் வரலாம், அவர்கள் எதைத் தொடலாம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரியாததை அவளால் முறையிட முடியாது. உளரீதியாகவோ உடல்ரீதியாகவோ இயலாமை உள்ள பெண்ணுக்கு எதிரான வன்புணர்ச்சிக்கு, 1995 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்று வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் வேலை செய்ய வேண்டுமானாலும் நடந்ததை அவள் சொல்லக்கூடியவளாக இருக்க வேண்டும்.


பதில்: எருவில் அக்கா

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. உம்மாவின் கேள்வி என்னையும் யோசிக்க வைத்தது. நீதிமன்ற யோசனையை விட்டுவிட்டோம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் படங்களை வைத்துத் தம்பியிடம் கேட்டோம். முதல் நாள் நான், மறுநாள் என் கணவர். இல்லத்தின் முகநூல் பக்கத்தைக் காட்டியபோது, அவனுடைய படம் ஏற்கெனவே அதில் இருப்பதை அவனே கண்டுபிடித்தான். சட்டையின்றி முற்றம் கூட்டும் படம். நான் அதை அறிந்திருக்கவில்லை. இரண்டு நாளும் அவன் விரல் வீட்டுச் சுவரில்தான் போனது. மறுநாள், புதுச் சேட் போட்டு எடுத்தால் மட்டும் போடலாம் என்று நாங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னான். அட்டை தன்னிடம் இருக்க வேண்டும், காசு எடுக்க என்னுடன் வர வேண்டும் என்கிறான். குளிர்த்திக்குப் போவதைப் பற்றிக் கேட்கவே தேவையிருக்கவில்லை. ஆனால் நாங்கள் எதிர்பாராதது ஒன்று: கிழமை நாட்களில் இல்லத்தில் தங்குவதை அவன் விரும்பித்தான் தங்குகிறான், அங்கே கூட்டாளிகள் இருக்கிறார்கள். அம்மா அதைக் கேட்டுச் சற்றுக் கலங்கினார்.

எனவே இல்லத்தை விடுவது நோக்கமல்ல. படிவத்தில் ஒப்பமிடாமல், நான்கு விடயத்துக்கும் தம்பியின் தெரிவை எழுதி, கீழே அவன் பெயரை எழுதவும், “தீர்மானிக்க உதவியவர்” என்று நான் ஒப்பமிடவும், இருக்கும் படத்தை நீக்கும்படியும் ஒரு கடிதம் தயாரித்திருக்கிறேன். இதை யாருக்கெல்லாம் அனுப்ப வேண்டும்? கூட்டிக்கொண்டு போகச் சொன்னால் எங்கே முறையிடுவது?


பதில்: ஓய்வுபெற்ற சமூக சேவை உத்தியோகத்தர், அக்கரைப்பற்று

முதலில் பொறுப்பாளருக்கு மட்டும் கொடுங்கள், பிரதி எவருக்கும் வேண்டாம். பேசித் தீர்க்க அவருக்கு இடம் கொடுக்க வேண்டும். இரண்டு கிழமையில் பதில் இல்லையென்றால், அல்லது விலகச் சொன்னால், நிறுவனத்தின் நிர்வாக சபைத் தலைவருக்கும் இல்லம் அமைந்துள்ள பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் எழுதுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பில் இருக்கிறது, அம்பாறைக் கரையோரத்தவர்களுக்குக் கல்முனையில் இருக்கிறது. ஆனால் அது பிரதானமாக அரச அதிகாரிகளின் செயலையே விசாரிக்கும். தனியார் இல்லத்தின் மேல் நேரடியாக முறையிடுவதைவிட, நீங்கள் எழுத்தில் அறிவித்த பின்னும் மேற்பார்வை செய்ய வேண்டிய அலுவலகம் அசையாதிருந்தால் அந்த அசையாமையின் மேல் முறையிடுவது பலனளிக்கும். அதையும் ஒரு மாதத்துக்குள் செய்யுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் செல்வதற்கு ஒரு மாதமே அவகாசம். அதற்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

கடிதத்தில் “உரிமை மீறல்” என்ற சொல் இருந்தால் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், தம்பியின் தெரிவு மட்டும் இருக்கட்டும். கையில் கொடுப்பதானால் தம்பியையே கொடுக்கச் சொல்லி, உங்கள் பிரதியில் திகதியுடன் பொறுப்பாளரின் ஒப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் போடுங்கள்.